பூட்டை உடைப்பது தீர்வாகாது

அலுவலகத்தின் உள்ளக இணையத்தளம் திடீரெனத் திறக்க மறுத்தால், உலாவியின் பாதுகாப்பு மட்டத்தையே குறைத்துவிடும் வழக்கம் பலரிடம் காணப்படுகின்றது. அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால், தளர்த்தப்பட்ட காவல் வெளித்தளங்கள் அனைத்துக்கும் வழிவிட்டு நிற்கும்.

முதலில் கணினியின் திகதி சரியானதா, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2022 ஜூனில் கைவிட்டது. அதற்கென அமைக்கப்பட்ட பழைய தளமாயின், எட்ஜ் உலாவியில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் எக்ஸ்புளோரர் முறையை அனுமதிக்கலாம். பயனர் வழங்கும் அவ்வனுமதி வழமையாக 30 நாட்களில் முடிவுறும்.

அதுவும் தற்காலிக ஏற்பாடே. தளத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. அதனை ஊழியரின் தலையில் சுமத்திவிட்டு, தரவுகள் களவுபோன பின்னர் அவரையே குற்றவாளியாக்குவது நியாயமாகாது.