வால்வுக்குள் "கள்ள ரேடியோ"!
விலங்கு போட்டது 100 ஓம் ரெசிஸ்டர்

சென்னை, மொட்டை மாடி அறை. மணி இரவு 9. மைக்கில் யாரும் பேசவில்லை. ஆனாலும் மீட்டர் முள் துள்ளுகிறது. 807 வால்வின் பிளேட் சிவக்கிறது. பக்கத்து வீட்டு எப்.எம். ரேடியோ "கொர்ர்" என்று அலறுகிறது. கதவு தட்டப்படுகிறது. "என்ன சார், உங்க வீட்டு மிஷின்தானா?"

அமெச்சூர் ரேடியோ வைத்திருக்கும் "ஹாம்" அன்பர்கள் பலருக்கும் பழகிப்போன தலைவலி இது. கலியாணப் பந்தலில் மைக்கை ஒலிபெருக்கிக் குழாய் எதிரே காட்டினால் "கூ" என்று ஊளையிடும் அல்லவா? ஆம்ப்ளிபையருக்குள் நடப்பதும் அதேதான்.

திருடன் யார்?

வால்வின் தலையிலிருந்து கண்டன்சருக்குப் போகும் நாலு அங்குலக் கம்பிதான்! 7 மெகாஹெர்ட்சில் அது வெறும் கம்பி. 100 மெகாஹெர்ட்சுக்குப் பக்கத்தில் அதுவே ஒரு காயில். வெளியே போக வேண்டிய சக்தியில் கொஞ்சம் கிரிட்டுக்குத் திரும்புகிறது, மறுபடி பெருக்கப்படுகிறது. அவ்வளவுதான், கள்ள ஒலிபரப்பு ஆரம்பம்!

விமானங்கள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. கள்ள அலை அங்கே நுழைந்தால் விளையாட்டல்ல.

பிடிப்பது எப்படி?

சிக்னல் எதுவும் கொடுக்காமல் கண்டன்சரைத் திருப்ப வேண்டும். பிளேட் மீட்டர் முள் ஆடினாலோ, கிரிட் கரண்ட் காட்டினாலோ ஆள் உள்ளேதான் இருக்கிறான்.

100 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் மேல் நாலைந்து சுற்று கம்பி சுற்றி, இரு முனையிலும் பற்றவைத்து, வால்வின் தலையருகே சேர்க்க வேண்டும். நல்ல அலை கம்பிச் சுற்று வழியே போய்விடும். கள்ள அலை ரெசிஸ்டரில் மாட்டிச் சூடாகிச் சாகும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் உதவாது. அதுவே ஒரு காயில்! ரெசிஸ்டர் கருகினால் சுற்றைக் குறைக்க வேண்டும்.

கிரிட் முனையில் 47 ஓம் ஒன்று. ஸ்கிரீன் கண்டன்சரின் கால்கள் குட்டையாக இருக்கட்டும். கிரிட் பக்கத்துக்கும் பிளேட் பக்கத்துக்கும் நடுவே தகடு வேண்டும். ஓடும் அலைவரிசையிலேயே ஊளை என்றால் நோய் வேறு. அதற்கு "நியூட்ரலைசிங்" கண்டன்சர்தான் மருந்து.

உயிருக்கு உலை!

உள்ளே 600 வோல்ட்டுக்கு மேல். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் கரண்ட் காத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரைக் காலி செய்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செத்தபோது, போர்ட் பிளேரிலிருந்து சேதி சொன்னது ஹாம் ரேடியோதான். அப்படி ஒரு நாளில், நம் மிஷின் ஊளையிட்டால் யார் குரல் கேட்கும்?