தண்டவாளத்தில் உட்கார்ந்த போர்வீரர்



'சமாதானம்' என்றதும் எல்லோருக்கும் வெள்ளைப் புறா ஞாபகம் வரும். எனக்கு ஒரு ரயில் இஞ்சின்தான் ஞாபகம் வருகிறது. காரணம், பிரையன் வில்சன் என்ற அமெரிக்கர்.

1941ல் பிறந்த இவர், சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது விமானப்படைக்குப் போனவர். 1969ல் வியட்நாமின் மேகாங் கழிமுகப் பகுதியில் பணி. குண்டு போட்ட இடங்களைப் பார்த்து அறிக்கை தரவேண்டும். அப்படி ஒரு கிராமத்துக்குப் போனார். அங்கே செத்துக் கிடந்தது எதிரிப் படையா? இல்லை, தாய்மார்களும் குழந்தைகளும்! கண் திறந்தபடி கிடந்த ஒரு தாயின் முகம் அவரை விடவே இல்லை.

ஊர் திரும்பியவர் வக்கீல் தொழிலோடு சும்மா இருந்திருக்கலாம். கோர்ட்டில் சாட்சி ஒருமுறை கூண்டேறி இறங்கிவிடுவார். வில்சன் வாழ்நாள் முழுக்கச் சாட்சி சொல்ல முடிவு செய்தார். 1986ல் நிகரகுவா போய், கண்ணிவெடியில் கால் இழந்த ஏழை ஜனங்களைப் பார்த்தார். அங்கே அரசை எதிர்த்துச் சண்டை போட்ட கூட்டத்துக்கு உதவியது அமெரிக்கா! அதே வருடம் வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டிடத்தின் படிக்கட்டில் மூன்று முன்னாள் வீரர்களோடு உண்ணாவிரதம் இருந்தார்.

1987 செப்டம்பர் 1. கலிபோர்னியாவில் கான்கார்டு என்ற ஊரில் கடற்படையின் ஆயுதக் கிடங்கு. மத்திய அமெரிக்காவுக்கு ஆயுதம் போகும் வழி அது. முன்கூட்டியே கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டு, இருவரோடு தண்டவாளத்தில் உட்கார்ந்தார். கைது செய்வார்கள் என்றுதான் நினைத்தார். ரயிலோ, அனுமதித்த வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக வந்தது. மற்ற இருவரும் தப்பினார்கள். வில்சனுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. மண்டை ஓடும் உடைந்தது. மருத்துவச்சியான மனைவியும் நண்பர்களும் ரத்தத்தைக் கட்டுப்படுத்தி உயிரைக் காப்பாற்றினார்கள்.

லாரியில் மூட்டை ஏற்றும் எங்க அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஏன்டா, அந்த ரயிலுக்கு பிரேக் இல்லையா?" என்றார். பிரேக் இருந்தது. நிறுத்தக்கூடாது என்று உத்தரவும் இருந்தது!

ரயிலை ஓட்டியவர்கள் மேல் வில்சன் பகை பாராட்டவில்லை. தானும் வியட்நாமில் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன்தானே என்று நினைத்தார். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து தண்டவாளத்தின் ஒரு பகுதியையே பெயர்த்தார்கள். பிறகும் இரண்டு வருடங்களுக்கு மேல் ஜனங்கள் மாறி மாறி அங்கே உட்கார்ந்தார்கள். அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்திய பின்தான் ரயில் நகர்ந்தது. அதாவது, ரயில் நிற்கக் கற்றுக்கொண்டது!

செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட வில்சன் ஓயவில்லை. ஊர் ஊராகப் பேசினார். கையால் மிதிக்கும் சைக்கிளில் நெடும்பயணம் போனார். 2011ல் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். "சொன்னதைச் செய், எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பிழைப்புக்கு அது தேவைதான். ஆனால் டிப்ளமோ முடித்ததும் நம்மில் சிலர் ராணுவத்துக்கும், சிலர் ரயில்வேக்கும், சிலர் தொழிற்சாலைக்கும் போவோம். ஏதாவது ஒரு லீவர் நம் கையில் இருக்கும். முன்னால் மனிதன் இருக்கிறானா என்று பார்க்க வேண்டியது மெஷின் அல்ல, நாம்தான்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு