உஷார்! அந்தப் படகில் ஏறும் முன் தலைகளை எண்ணுங்கள்

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சா? "ஒரே நாள், மூணு தீவு, சாப்பாட்டோட" என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மலிவு பேக்கேஜுக்கு முன்பணமும் கட்டியாச்சா? அப்படியானால் இதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

பயமுறுத்துகிறேன் என்று தோன்றினாலும் சரி. பயந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

2014 ஜனவரி 26. போர்ட் பிளேர் அருகே 'அக்வா மரைன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் நம் காஞ்சிபுரத்திலிருந்து ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர்கள். 25 பேர் ஏற வேண்டிய அந்தப் படகில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

அந்தக் குடும்பங்கள் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். அதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

பணம் கட்டியாச்சு என்பதற்காக ஏறாதீர்கள்.

தலைக்குச் சில நூறு ரூபாய். அது போனால் போகட்டும். "இவ்ளோ பேரா? அடுத்த படகில் வர்றோம்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். வீட்டுக்காரரே "வா, எல்லாரும் ஏறலையா?" என்று கையைப் பிடித்து இழுப்பார். அப்போதும் கரையிலேயே நில்லுங்கள்.

படகு கவிழ்ந்தால்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பெயர் வேண்டாம், மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இதே மாதிரி தீவு தீவாகப் போனார். ஒரு தீவில் துறையை ஒட்டி ஏற்கெனவே இரண்டு படகுகள் கட்டியிருந்தன. இவர்கள் படகு மூன்றாவது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டித்தான் கரையேற வேண்டும். அவருடைய ஒரு கையில் பை, மறு கையில் பிள்ளையின் செருப்பு. "சீக்கிரம் வாங்கம்மா, டைம் ஆவுது" என்று அவசரப்படுத்தினார்கள். அவர் காலைத் தூக்கிய நேரம் பார்த்து அலை வந்தது. விலகிய படகுகள் திரும்ப வந்து ஒட்டின. நடுவில் அவர் கால்.

கணுக்கால் நொறுங்கிவிட்டது. அங்கே ஒரு எக்ஸ்ரே எடுக்கக்கூட வழியில்லை. அதே படகில், அதே குலுக்கலில், பலகையில் படுக்கவைத்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் அவர் கத்தியதைக் கேட்டுப் பிள்ளைகள் மிரண்டு போயின. பிளேட் வைத்துத் தைத்தும் இன்றுவரை அவரால் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. பேக்கேஜில் இன்ஷூரன்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்கள் தலையில்.

படகு மாறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். பை பிறகு வரட்டும். படகு அலையில் மேலே எழும்பும் நேரம் பார்த்துக் கால் வையுங்கள். கை கொடுப்பவரின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் வழுக்கும்.

இனி, கரையிலேயே கண்ணில் படும் அபாயங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் ஏறாதீர்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை எதையும் கேட்காமல் ஏற்றுகிறார்களா? அது சௌகரியம் இல்லை, ஆபத்து. பெயர்ப் பட்டியல் இல்லாத படகு கவிழ்ந்தால் எத்தனை பேரைத் தேடுவது என்று மீட்க வருபவர்களுக்கே தெரியாது. மீன்பிடிப் படகின் மேல் தகரக் கூரை போட்டு, மாடி கட்டி, நாற்காலி அடுக்கியிருக்கிறார்களா? அந்தப் பக்கமே போகாதீர்கள். பின்பக்கம் டீசல் புகை உள்ளே சுழன்று அடித்தால் குழந்தைகளை அங்கே உட்காரவைக்காதீர்கள்.

மேல்தளம் வேண்டவே வேண்டாம்.

காட்சி நன்றாகத் தெரியும், போட்டோ நன்றாக வரும் என்று எல்லோரும் மேலே ஓடுகிறார்கள். எடை மேலே ஏற ஏறப் படகு நிலை இழக்கும், தலையில் மூன்று குடம் அடுக்கியவள் லேசாகச் சாய்ந்தாலே எல்லாம் சரிந்துவிடுவதைப் போல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகில் அதுதான் நடந்தது. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள். 45 உயிர்கள் போயின. அது கடல்கூட இல்லை, அலையே இல்லாத ஏரி. உங்கள் படகில் யாராவது "டால்ஃபின்! டால்ஃபின்!" என்று கத்தினால் நீங்கள் எழுந்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் பிடித்து உட்காரவையுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வது போட்டுக்கொண்டதாகாது. 2024 டிசம்பர் 18 அன்று மும்பையிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன 'நீல்கமல்' படகின் மேல் ஒரு கடற்படைப் படகு வந்து மோதியது. மொத்தம் 15 பேர் இறந்தார்கள். மோதிய பிறகுதான் ஜாக்கெட்டைத் தேடினோம் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். உங்கள் படகோட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எதிரே வருபவர் அப்படி இருப்பார் என்று என்ன நிச்சயம்? எல்லாக் கொக்கிகளையும் மாட்டுங்கள். குழந்தையின் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை வந்தால் அது பெரிய அளவு. தண்ணீரில் குழந்தை நழுவிக் கீழே போய்விடும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். சின்ன அளவு வாங்காமல் நகராதீர்கள்.

இன்னொன்று. ஏசி கேபின் என்றதும் உள்ளே போய் ஜன்னலோரம் இடம் பிடிக்காதீர்கள். 2018 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் புக்கெட் அருகே 'பீனிக்ஸ்' படகு மூழ்கி 47 சீனச் சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். பலருடைய உடல்கள் படகுக்குள்ளேயேதான் கிடைத்தன. வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். உள்ளே தண்ணீர் நிரம்பினால் ஜாக்கெட்டே உங்களைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிடும். வாசல் எங்கே, எத்தனை அடி தள்ளி என்று ஏறியதுமே பார்த்துவையுங்கள்.

அந்த விபத்து நடந்த மாதத்தையும் கவனியுங்கள். மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கம் மழைக்காலம். நம் அந்தமானிலும் மே மாதத்திலேயே தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். "ஆஃப் சீசன் ஆஃபர், பாதி விலை" என்று விளம்பரம் வருவது இந்த மாதங்களில்தான். விலை ஏன் பாதி என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பீனிக்ஸ் கிளம்பிய நாளில் வானிலை எச்சரிக்கை இருந்தது. கரையில் வெயில் அடிக்கிறதே என்று ஏமாறாமல் அன்று காலை வானிலைத் துறை மீனவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். மீனவர் போக வேண்டாம் என்ற கடலில் உங்களுக்கு என்ன வேலை?

கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஹேவ்லாக் தீவிலோ நீல் தீவிலோ மாட்டிக்கொள்வீர்கள். மறுநாள் விமானம் இருந்தால், அந்தப் பதற்றத்தில்தான் "நான் கொண்டுபோய் விடறேன்" என்று எவனோ கூப்பிடும் ஓட்டைப் படகில் ஏறத் தோன்றும். கடைசி இரவைக் கண்டிப்பாகப் போர்ட் பிளேரிலேயே வையுங்கள்.

1554. கடலோரக் காவல் படையின் அவசர உதவி எண். இப்போதே போனில் பதிந்துவிடுங்கள். கடலில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, அதனால் படகில் வயர்லெஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஏறும் முன் படகின் பெயரும் பதிவு எண்ணும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து, திரும்பும் நேரத்தையும் சேர்த்து, ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரமாகியும் உங்கள் போன் வரவில்லை என்றால் அவர் இந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.