பனிக்காலத்தில் கோழிகளைக் காக்கும் வகை

நீலகிரி ஜில்லாவில் மார்கழி, தை மாதங்களின் இரவுகளில் உஷ்ணம் 32 டிகிரி பாரன்ஹீட்டை நெருங்குவதும், விடியலில் புல்தரையை உறைபனி மூடிக் கிடப்பதும் யாவரும் அறிந்ததே. அக்காலத்தில் கோழிக்கொட்டிலின் சந்துகளையெல்லாம் சாக்கினால் அடைத்துவிடுவது பலருடைய வழக்கம். இது பெருந்தவறாகும்.

உதகமண்டலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் நான் கண்டதைக் கூறுகிறேன். குடியானவர் ஒருவர் கொட்டிலை இறுக மூடி, உள்ளே கணப்புச் சட்டி ஒன்றை வைத்துவிட்டு உறங்கச் சென்றார். விடிந்து பார்க்கையில் குஞ்சுகள் யாவும் மாண்டு கிடந்தன. "கணப்பு வைத்தும் குளிர் கொன்றுவிட்டதே" என்று அவர் வருந்தினார். அவற்றைக் கொன்றது குளிரன்று. எரியும் கரியினின்று வெளிப்படும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவே. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறையில் அது மனிதரையும் மாய்க்கும்.

வளர்ந்த கோழியின் உடலுஷ்ணம் ஏறக்குறைய 106 டிகிரி. இறகுகளைச் சிலிர்த்து, அவற்றினிடையே காற்றைத் தேக்கி, அவ்வுஷ்ணத்தை அது தானே காத்துக்கொள்ளும். அதற்குப் பெரும்பகை ஈரமும், உடலில் நேரே படும் ஊதற்காற்றுமே. மூடிய கொட்டிலில் மூச்சின் ஈரமும், எச்சத்தினின்று எழும் அம்மோனியாவும் தங்கிச் சுவாச நோய்களுக்கு இடந்தரும்.

ஆதலின் செய்யத்தக்கவை வருமாறு:

1. காற்று வீசும் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தில் கூரையை ஒட்டி, கோழிகளின் தலைக்கு மேலே, கம்பிவலையிட்ட திறப்பு விடவேண்டும்.

2. தரையில் உலர்ந்த உமியையோ மர இழைப்புச் சுருளையோ 4 அங்குல கனத்திற்குப் பரப்பி, நாள்தோறும் கிளறி, நனைந்த பாகத்தை அகற்றவேண்டும்.

3. கோழிகள் அமர்ந்துறங்க 2 அங்குல அகலமுள்ள தட்டையான சட்டங்களை அமைத்தால், அவை தம் வயிற்றிறகால் கால்விரல்களை மூடிக்கொள்ளும்.

4. மாலையில் அடையுமுன் சிறிது மக்காச்சோளம் இடுவது நலம். அது செரிக்கையில் உண்டாகும் சூடு இரவில் உதவும். காலையில் வெதுவெதுப்பான நீர் வைக்கவேண்டும்.

5. தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 95 டிகிரி உஷ்ணம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம். இதற்கு மின்விளக்கே தக்கது. குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருக்கியடித்தால் குளிர்கிறதென்றும், விலகி ஓடினால் சூடு மிகுதியென்றும் அறிக.

கோழிகள் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, மூச்சுத் திணறினால், பனியின் விளைவென்று வாளாவிராமல், ராணிக்கெட் நோயாகலாம் என்று ஐயுற்றுக் கால்நடை மருந்தகத்திற்கு உடனே தெரிவிக்கவேண்டும். கணப்புச் சட்டியின் அபாயத்தைக் கிராம அதிகாரிகள் பனி தொடங்குமுன்பே வீடுதோறும் எடுத்துரைப்பார்களாக. அதனால் காக்கப்படுவது கோழிகளின் உயிர் மட்டுமன்று.