என்கேதியின் அருவிகளும் சுனைகளும்

பாலை என்ற அளவில் வெம்மையும் வறட்சியுமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயினும் அந்நிலத்திடையே வற்றாத ஊற்றும் பசுஞ்சோலையும் அமைந்த இடங்கள் சில உண்டு. அவற்றுட் சிறந்ததொன்று சாக்கடலின் மேல்கரையிலுள்ள என்கேதியாகும். ஆட்டுக்குட்டியின் ஊற்று என்பது எபிரெய மொழியில் அப்பெயரின் பொருள். சவுலுக்குத் தப்பித் தாவீது ஒதுங்கிய இடமாக இதனைத் திருமறையிற் படித்திருக்கிறோம். அங்கு நீர் வந்த வகையையும், அதனைக் காணச் செல்வோர் அறியவேண்டுவனவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாக்கடற்கரை கடல் மட்டத்திற்கு 430 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்கு ஓராண்டில் 100 மில்லிமீட்டர் மழைதானும் பெய்வதில்லை. ஆனால், மேற்கே ஏறக்குறைய 1000 மீட்டர் உயர்ந்து நிற்கும் யூதேய மலைகள் மத்தியதரைக் கடற்காற்றைத் தடுத்து மாரிக்காலத்தில் நன்மழை பெறுகின்றன. அம்மழைநீர் சுண்ணப்பாறையின் வெடிப்புக்களிற் புகுந்து, மெல்ல மெல்லக் கீழிறங்கி, நீர் புகாத அடுக்கொன்றைத் தொட்டதும் பக்கவாட்டில் ஓடி, என்கேதியின் செங்குத்தான பாறைச்சரிவில் ஊற்றாய் வெளிப்படுகின்றது. ஆதலின், கோடையிலும் அது வற்றுவதில்லை.

இங்குப் பள்ளத்தாக்குக்கள் இரண்டு. வடக்கே தாவீதின் ஓடை. அதன் வழியே சிறு சுனைகளைக் கடந்து ஏறுவோர், 36 மீட்டர் உயரத்தினின்று வீழும் தாவீதின் அருவியை அடைவர். தெற்கே அருகோத் ஓடை, இது நெடுவழி. ஓடைநீரிலேயே கால் நனைய நடந்து, பாறை மறைவில் வீழும் அருவியொன்றைக் காணலாம். இரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டில், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கோயிலொன்றின் அடித்தளம் உளது. எருக்கும், இலந்தையினமும், முருங்கையினமும் அங்கு வளரக் காணும் தமிழர், அயல்நாட்டில் உறவினரைக் கண்டாற்போல் மகிழ்வர். வளைந்த நெடுங்கொம்புடைய மலையாடுகளும், குழிமுசல்களும் நீருண்ண வருகின்றன. 1971-ஆம் ஆண்டில் இவ்விடம் இயற்கைக் காப்பகமாக்கப்பட்டது.

இத்துணை இன்பந்தரும் நீரே இடர் விளைப்பதும் உண்டு. பாறைக்குள் இறங்கும் மழை நெடுங்காலஞ் சென்று ஊற்றாகின்றது. கடும்மழையோ, மரமற்ற சரிவுகளில் நிலத்துள் இறங்காது திரண்டு, நாழிகைப் பொழுதிற்குள் ஓடையை நிரப்புகின்றது. நடப்போர் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்; மழையோ தொலைவிலுள்ள மலையிற் பெய்திருக்கும். இருபுறமும் பாறை நெருங்கிய வழியில் ஒதுங்குதற்கும் இடமிராது. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், சாக்கடலுக்குத் தெற்கேயுள்ள ஸாபித் ஓடையில் நடைப்பயணஞ் சென்ற இளைஞர் பதின்மர் இவ்வாறே வெள்ளத்தில் மாண்டனர்.

ஆகவே, இத்தகைய ஓடைகளுக்குச் செல்வோர், தாம் நிற்கும் இடத்து வானத்தை மட்டும் நோக்குதல் போதாது. மலைமேல் மழையுண்டா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் எத்துணை ஆவலிருப்பினும் பயணத்தைத் தள்ளிவைத்தலே அறிவுடைமை. வெயிலுக்கு முன் புறப்பட்டு, குடிநீரை மிகுதியாகக் கொண்டு, காவலர் குறித்த நேரத்தில் திரும்புதலும் இன்றியமையாதன. சுனைநீரை மாசுபடுத்தாது விடுதலும் நம் கடன். நாம் மீண்டபின் மாலையில் மலையாடுகள் வந்து பருகுவது அந்நீரையே.