அதே ஹார்மோன்தான்... ஆனால், இந்தக் குப்பியில் இருப்பதை ஊசியாகப் போடக் கூடாது!

ஆய்வகத்து ஃப்ரீசரில், மைனஸ் 20 டிகிரி குளிரில் இருக்கிறது அந்தச் சின்னஞ்சிறு குப்பி. அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். எடை 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு! லேபிளில் ‘மனித வளர்ச்சி ஹார்மோன் - ரீகாம்பினன்ட்’ என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்தக் கூடாது.’

உள்ளே இருப்பது, நம் உடம்பிலேயே சுரக்கும் அதே 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். மனிதப் புரதத்தை மனிதருக்கே போடக் கூடாதா? 1985-ல் நடந்ததைத் தெரிந்துகொண்டால் அந்த வரியின் கனம் புரியும்.

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் இருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. வளர்ச்சி ஹார்மோன் சுரப்பது அங்கேதான். அது குறைந்தால் குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராது. சர்க்கரை நோய்க்குப் பன்றி, மாட்டு இன்சுலினை வைத்துச் சமாளித்த மருத்துவர்களுக்கு இங்கே அந்த வழி இல்லை. மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனித உடம்பில் வேலை செய்யாது. மனித ஹார்மோனே வேண்டும். அதற்கு ஒரே வழி, இறந்தவர்களின் பிட்யூட்டரி!

1950-களின் கடைசியில் தொடங்கியது இந்தச் சிகிச்சை. பிரேதப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து சுரப்பிகளைச் சேகரித்து, ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்த்து, ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 1963 முதல் 1985 வரை அரசுத் திட்டத்தின் மூலம் இதைப் பெற்றவர்கள் சுமார் 7,700 பேர். குழந்தைகள் வளர்ந்தார்கள். பெற்றோர் பூரித்தார்கள்.

1984-ல் கலிஃபோர்னியாவில் 20 வயது இளைஞர் ஒருவருக்கு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. சில மாதங்களிலேயே இறந்துபோனார். காரணம், மூளையைப் பஞ்சு போலத் துளைத்துவிடும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட் - யாக்கோப் நோய். வழக்கமாக 60 வயதையொட்டியவர்களுக்கு, அதுவும் மிக அபூர்வமாக வருவது! சிறுவயதில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ரேமண்ட் ஹின்ட்ஸுக்குப் பொறி தட்டியது. ‘அந்த ஹார்மோன் ஊசியாக இருக்குமோ?’ உடனே அரசுக்கு எழுதினார். தேடிப் பார்த்ததில், அதே ஊசி போட்டுக்கொண்ட இன்னும் இருவர் இறந்திருந்தது தெரியவந்தது. 1985 ஏப்ரலில் விநியோகம் நின்றது.

ஹார்மோனில் குற்றமில்லை. கூடவே வந்த ‘ப்ரையான்’ என்ற கோணல் புரதம்தான் வில்லன். நோயுள்ள ஒரே ஒருவரின் சுரப்பி கலந்தாலும் மொத்தத் தொகுதியும் கெட்டுவிடும். அதன் விளைவு தெரியப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும். பிரான்ஸில் மட்டும் இப்படி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை பேரும் குழந்தைப் பருவத்தில், பெற்றோரே நம்பிக்கையோடு அழைத்துப் போய் ஊசி போட்டுவிட்டவர்கள்.

மாற்று வழி அதற்குள் தயாராகிக்கொண்டிருந்தது, ஏதோ நல்லகாலம்! 1979-லேயே ஜெனென்டெக் நிறுவனத்தில் டேவிட் கோடெல் குழுவினர், இந்த ஹார்மோனுக்கான மரபுக் குறிப்பை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்திவிட்டார்கள். பாக்டீரியாவுக்கு அது மனிதக் குறிப்பு என்றெல்லாம் தெரியாது. படித்தது, அப்படியே புரதத்தைக் கட்டித் தந்தது. பழக்கதோஷத்தில் ஓர் அமினோ அமிலத்தை முன்னால் கூடுதலாக ஒட்டியும் வைத்தது! ஊசி நிறுத்தப்பட்ட அதே ஆண்டு அக்டோபரில், அந்த 192 அமினோ அமில மருந்துக்கே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இனி பிணவறைப் பக்கம் போக வேண்டாம்.

சரி, ஃப்ரீசரில் இருக்கும் குப்பியும் பாக்டீரியா தந்ததுதானே? ஆமாம். அதை ஆய்வகத்தில் வளரும் செல்களின் மேல் விட்டு, எந்த மரபணு விழிக்கிறது என்று பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனைக் கருவிக்கு அளவுகோலாகவும் வைப்பார்கள். அந்த வேலைக்கு 95 சதவிகிதத் தூய்மை போதும். மீதி 5 சதவிகிதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஈ.கோலையின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு உண்டு. ரத்தத்தில் கலந்தால் குளிர்க் காய்ச்சலில் தொடங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆராய்ச்சிக் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மைக்ரோகிராமுக்கு 1 யூனிட் எண்டோடாக்சின் வரை ஏற்றுக்கொள்வார்கள். தட்டில் இருக்கும் செல்களுக்கு அது சரி. ஆனால் ஊசி மருந்துக்கான வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 5 யூனிட்; 70 கிலோ மனிதருக்கு 350. இந்தத் தரத்தில் 1 மில்லிகிராம் ஹார்மோனை உடம்பில் ஏற்றினால் 1,000 யூனிட் வரை உள்ளே போகலாம்!

‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற லேபிளோடு ஆன்லைனில் விற்பதை, தசை ஏறும் என்று நம்பி வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஜிம் இளைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்தால் பயமில்லை என்று அவர்களில் சிலர் நினைக்கிறார்கள். கொதிக்கும் சூட்டுக்கு எண்டோடாக்சின் அழியாது. அதை ஒழிக்க, கண்ணாடிக் குப்பிகளையே 250 டிகிரியில் அரை மணி நேரம் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஹார்மோன் கருகிவிடும்.