20 பேரைக் கொன்ற யானைக்கு டாக்டரின் பெயர்!

திருச்சி:

ஐப்பசி மாசம் விடியற்காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். காவிரித் தண்ணீரைத் தங்கக் குடத்தில் எடுத்து, யானை மேல் வைத்து, மேளதாளத்தோடு பெரிய கோவிலுக்குக் கொண்டு போவார்கள். மற்ற மாதங்களில் கொள்ளிடத்துத் தண்ணீர், வெள்ளிக் குடம். ஐப்பசிக்கு மட்டும்தான் தங்கம்.

ஜனங்கள் யானையைக் கும்பிடுவார்கள். தும்பிக்கையில் சில்லறை வைப்பார்கள். அந்த யானைக்குக் காலில் புண் வந்தால் மருந்து போடுகிறவர் யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை!

பக்கத்திலேயே திருவானைக்காவல். ஊர்ப் பெயரிலேயே ஆனை. யானையும் சிலந்தியும் போட்டி போட்டு ஈசனைப் பூஜித்த தலம் என்று புராணம் சொல்கிறது. இப்பேர்ப்பட்ட ஊர்க்காரர்கள் யானை டாக்டர் ஒருவரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

மாட்டு டாக்டரா?

டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. காட்டிலாகாவில் சுருக்கமாக "டாக்டர் கே". 1929-ல் பிறந்தவர். படித்தது சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி.

அது சாமானியக் கல்லூரி அல்ல. 1903-ல் வெறும் 20 மாணவர்களோடு ஆரம்பித்தது. முதலில் டிப்ளமாதான். 1935-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த முதல் கால்நடைக் கல்லூரி இந்தியாவிலேயே இதுதான். 1989-ல் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்தபோது அதன் கீழ் போனது.

பெருமை இருந்து என்ன? மனுஷ டாக்டர் என்றால் எழுந்து நிற்கிறோம். கால்நடை டாக்டர் என்றால் "மாட்டு டாக்டரா?" என்று ஒரு இளக்காரம். தில்லை நகரில் வீதிக்கு வீதி டாக்டர் போர்டு தொங்குகிறது. நடுராத்திரி கன்று போட முடியாமல் மாடு தவிக்கும்போதுதான் நமக்குக் கால்நடை டாக்டர் ஞாபகமே வருகிறது.

மேஜை கிடையாது

டாக்டர் கே வேலை பார்த்தது முதுமலைக் காட்டில், தெப்பக்காடு யானை முகாமை ஒட்டி. யானைக்கு என்ன தீனி, எவ்வளவு வேலை, எத்தனை ஓய்வு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார். பாகனும் அவனுக்குத் துணையான காவடியும் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்.

அவருடைய பெரிய பிடிவாதம் ஒன்று உண்டு. காட்டில் யானை செத்தால் பிரேதப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்!

ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் காத்துக் கிடந்து பழகிய நமக்கே இது மலைப்பாக இருக்கிறது. மனுஷ உடம்புக்கு மேஜை உண்டு, விளக்கு உண்டு. மூணு நாலு டன் யானைக்கு எது மேஜை? அழுகி, புழு நெளியும் உடம்புக்குள் கோடாலியோடு இறங்க வேண்டும். எதற்காக இந்தப் பாடு? உள்ளே ஒரு சின்னத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தால் போதும், "நோயில் செத்தது" என்ற கதை முடிந்தது. அது தந்தத்துக்காக நடந்த கொலை. குண்டுதான் சாட்சி.

சுடச் சொன்னார்கள்

1998-ல் நடந்தது இன்னும் பெரிய விஷயம். கேரள எல்லையில் ஒரு மக்னா (தந்தம் இல்லாத ஆண் யானை) அட்டகாசம் செய்தது. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் அதன் காலடியில் பலி. அதைச் சுட்டுக் கொல்லக் கேரளாவில் உத்தரவு!

தமிழ்நாடு வனத்துறை சுடவில்லை. கூடலூர்ப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, முதுமலைக்குக் கொண்டு வந்து மரக்கூண்டில் அடைத்தது. பார்த்தால் உடம்பெல்லாம் குண்டுக் காயம், சீழ். ஓய்வு பெற்ற பிறகும் காட்டை விடாத டாக்டர் கே சிகிச்சை செய்தார். புண் ஆற ஆற யானையின் வெறியும் அடங்கியது. கொலைகார யானை கும்கியானது.

அந்த யானைக்கு வனத்துறையினர் வைத்த பெயர் "மூர்த்தி". டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் பெயர்தான்!

2000-ல் அவருக்கு வேணு மேனன் வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. 2002-ல் காலமானார். ஜெயமோகன் எழுதிய "யானை டாக்டர்" கதை வந்த பிறகுதான் தமிழ் நாட்டில் பாதிப்பேருக்கு இப்படி ஒருவர் இருந்ததே தெரிந்தது. விருது, கதை எல்லாம் சரி. 20 பேரைக் கொன்ற யானையைக் காப்பாற்றி, அந்த யானையையே தன் பெயரால் கூப்பிட வைப்பது எந்தப் பொன்னாடைக்கும் ஈடாகுமா, சொல்லுங்கள்.

சமயபுரத்தில் அலறல்

இது மலைக்காட்டு சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2018 மே 25. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சமயபுரம் மாரியம்மன் கோவிலுக்குள்ளேயே யானை மசினி தன் பாகனை மிதித்துக் கொன்றது. பக்தர்கள் அலறி ஓடினார்கள். முதுமலைக் காட்டில் குட்டியாகக் கிடைத்து, கோவிலுக்கு வந்த யானை அது.

அப்புறம் மசினியை எங்கே கொண்டு போனார்கள்? தஞ்சை மாவட்டம் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. 2012-ல் தொடங்கிய கல்லூரி, நம்மூருக்குப் பக்கம். ஆளைக் கொன்ற யானை என்று ஊரே நடுங்கியபோது, அதன் அருகில் போய் வைத்தியம் பார்த்தவர்கள் கால்நடை டாக்டர்கள்தான். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

பிறகு மசினி முதுமலைக்கே திரும்பியது. ஆனால் எல்லா யானையும் மூர்த்தி ஆகிவிடாது. 2023 ஏப்ரலில் தெப்பக்காடு முகாமில் மசினி தாக்கி இன்னொரு பாகனும் இறந்தார்.

மூர்த்தி மட்டும் பிடிபட்ட நாளிலிருந்து 26 வருஷம் அதே முகாமில் வாழ்ந்தது. வயதாகி, வேலையிலிருந்து ஓய்வும் கொடுக்கப்பட்டு, 2024 அக்டோபரில் செத்தது.